கடலோரக் கொங்கிறீட்டின் ஆயுள்: கம்பிக்கு மேல் இரண்டு அங்குலம்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட கடலில் நிற்கும் கடற்கோட்டையைப் படகில் கடந்து செல்வோர் அதன் சுவர்களை வியந்து நோக்குவதுண்டு. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டை, இடையிடையே திருத்தங்களைக் கண்டிருப்பினும், மூன்றரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக உப்புநீரின் நடுவே நிற்கின்றது. ஆனால் நவீன சீமெந்தும் முறுக்குக் கம்பியும் கொண்டு எழுப்பப்பட்ட இறங்குதுறைத் தூண்கள் இருபது, முப்பது ஆண்டுகளிலேயே வெடித்து, கறள் ஏறிய கம்பிகளை வெளியே காட்டிக்கொண்டு நிற்பதை எமது கரையோரங்களில் காண்கின்றோம். பழைய சுண்ணாம்புச் சாந்து நிலைத்திருக்க, புதிய சீமெந்து ஏன் சிதைகின்றது என்ற கேள்வி இயல்பாகவே எழுகின்றது.

இக்கேள்வி பொறியியலாளர்களுக்கு மாத்திரம் உரியதன்று. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும், 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும், 2013இல் கல்லடியின் புதிய பாலமும் திறக்கப்பட்டன. தோணியையும் மிதவைப் படகையும் நம்பியிருந்த மக்களுக்குக் கிண்ணியாவும் சங்குப்பிட்டியும் எத்தகைய விடுதலையாக அமைந்தன என்பதை அப்பகுதி மக்கள் அறிவர். இத்தகைய கட்டுமானங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடனில் எழுந்தவை. இவற்றில் குறைபாடு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயினும், உப்புநீரில் கால்பதித்து நிற்கும் எந்தவொரு பாலமும், இறங்குதுறையும், மீன்பிடித் துறைமுகமும் எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பது அதைக் கட்டிய சில மாதங்களிலேயே பெருமளவுக்குத் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. கடனின் தவணைகள் முடியுமுன் தூண்கள் திருத்தத்துக்கு வருமாயின், ஒரே பாலத்துக்கு நாம் இருமுறை பணம் செலுத்தியவர்கள் ஆவோம்.

"கடல் கொங்கிறீட்டைத் தின்றுவிட்டது" என்று பொதுவாகக் கூறப்படுகின்றது. உண்மையில் நல்ல கொங்கிறீட்டைக் கடல்நீர் எளிதில் அழிப்பதில்லை. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885இல் அவ்வேலை நிறைவெய்தியது. கம்பி வலுவூட்டல் இல்லாத பாரிய கொங்கிறீட் பாளங்களை அடுக்கிக் கட்டப்பட்ட அந்த அணை, தென்மேற்குப் பருவக்காற்றின் பேரலைகளை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாங்கியது. கொங்கிறீட்டினுள் உருக்குக் கம்பியை வைத்தபோதே சிக்கலும் உள்ளே வைக்கப்பட்டது எனலாம். கம்பி இன்றிப் பாலத்தின் தளத்தையோ உத்தரத்தையோ அமைக்க இயலாது. கொங்கிறீட் அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுவையைத் தாங்காது. ஆகவே கம்பியைக் காப்பது எவ்வாறு என்பதே கேள்வியாகின்றது.

சீமெந்து நீருடன் சேர்ந்து இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகின்றது. இதனால் கொங்கிறீட்டின் உட்புறம் கடும் காரத்தன்மை கொண்டதாக இருக்கின்றது. இக்காரச் சூழலில் உருக்குக் கம்பியின் மேல் கண்ணுக்குப் புலப்படாத மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று படிகின்றது. அப்படலம் உள்ளவரை கம்பி கறள் ஏறாது. கடல்நீரோ லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கொண்டது. அதில் பாதிக்கு மேற்பட்டது குளோரைட்டு. குளோரைட்டு அயன்கள் கொங்கிறீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உட்சென்று, போதிய அளவில் கம்பியை அடைந்ததும், அக்காப்புப் படலத்தை ஆங்காங்கே உடைத்துவிடுகின்றன. அதன்பின் கறள் ஏறுகின்றது. கறள் தான் உண்டாகிய உருக்கைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை கூடிய இடத்தைப் பிடிக்கும். அந்த வீக்கமே கொங்கிறீட்டை உள்ளிருந்து பிளக்கின்றது. வெளியே வெடிப்புத் தெரியும்போது நோய் பல ஆண்டுகள் முற்றியிருக்கும்.

நீருக்குள் எப்போதும் மூழ்கியிருக்கும் தூணின் அடிப்பகுதி பெரும்பாலும் பாதுகாப்பாக இருப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அங்கு உப்பு உண்டு, ஆனால் கறள் ஏறுவதற்குத் தேவையான ஒட்சிசன் மிகக் குறைவு. அலை தெறித்து நனைவதும் வெயிலில் உலர்வதுமாக மாறி மாறி இருக்கும் இடைப்பகுதியே மிக ஆபத்தானது. ஒவ்வொரு முறை உலரும்போதும் நீர் ஆவியாகி உப்பு எஞ்சுகின்றது. அடுத்த அலை மேலும் உப்பைக் கொண்டு வருகின்றது. எம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் இச்செயல் குளிர்நாடுகளிலும் பார்க்க விரைவாக நிகழும் என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஐரோப்பிய நியமங்களை அப்படியே பெயர்த்தெடுத்து எமது கடலுக்கு இடுவது போதாது என்று கூறப்படுவது இதனாலேயே.

இங்கு ஒரு கணக்கைச் சற்று நின்று கவனிப்பது பயனுடையது. குளோரைட்டு கம்பியை அடைவதற்கு எடுக்கும் காலம், கம்பிக்கு மேலுள்ள கொங்கிறீட்டின் தடிப்பின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ விகிதசமமானது. அதாவது தடிப்பு அரைவாசியானால் காலம் அரைவாசியாவதில்லை, கால்வாசியாகின்றது. 50 மில்லிமீற்றர் தடிப்புள்ள இடத்தில் 40 ஆண்டுகள் தாங்கும் எனக் கொண்டால், அதே கொங்கிறீட்டில், அதே தூணில், 25 மில்லிமீற்றர் மாத்திரம் உள்ள இடத்தில் 10 ஆண்டுகளே தாங்கும். அலையும் தெறிப்பும் படும் பகுதிகளுக்கு, 50 ஆண்டு ஆயுளை எதிர்பார்த்து, ஐரோப்பிய நியமம் குறைந்தது 45 மில்லிமீற்றரை விதிப்பதோடு, வேலைத்தலத்தில் ஏற்படும் பிசகுக்காக மேலும் 10 மில்லிமீற்றரைச் சேர்க்கச் சொல்கின்றது. மொத்தத்தில் இரண்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம்.

வரைபடத்தில் இந்த இரண்டு அங்குலம் எப்போதும் இருக்கும். வேலைத்தலத்தில் நிலைமை வேறு. கம்பிக் கூட்டைப் பலகை அச்சிலிருந்து விலக்கி நிறுத்தும் 'கவர் புளொக்' எனப்படும் சிறிய கட்டைகள் போதாமல் போகலாம். கொங்கிறீட்டைக் கொட்டும் வேகத்தில் கம்பிக் கூடு ஒருபுறம் சாயலாம். அதன்மேல் தொழிலாளர் ஏறி நடக்கலாம். பலகையைக் கழற்றிய பின் வெளித்தோற்றத்தில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. பத்து ஆண்டுகள் கழித்துச் சாய்ந்த பக்கத்தில் மாத்திரம் நேர்க்கோட்டில் ஒரு வெடிப்புத் தோன்றும். அப்போது ஒப்பந்தகாரரும் இருக்கமாட்டார், மேற்பார்வை செய்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.

தடிப்பைப் போலவே முக்கியமானது கொங்கிறீட்டின் அடர்த்தி. அதைத் தீர்மானிப்பது நீர். அலைதெறிக்கும் பகுதிகளுக்குச் சீமெந்தின் எடையில் 0.45 பங்குக்கு மேல் நீர் சேர்க்கக் கூடாது என்பது அதே நியமத்தின் விதி. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு, ஈரமணலில் உள்ள நீரையும் சேர்த்து, 22 லீற்றர் அளவுக்கே இடமுண்டு. அத்தகைய கலவை இறுக்கமானது. கம்பிகளின் நெரிசலில் எளிதாக இறங்காது. ஆகவே வேலையை இலகுவாக்க இன்னுமொரு வாளி நீரை ஊற்றுவது எமது மேசன்மாரின் நெடுநாள் வழக்கம். பத்து லீற்றர் கூடியதும் அந்த விகிதம் 0.65ஐ எட்டிவிடும். சீமெந்துக்குத் தேவைப்படாத அந்த நீர் பின்னர் ஆவியாகி, தான் இருந்த இடங்களை வெற்றுத் துளைகளாக விட்டுச் செல்கின்றது. அத்துளைகளே உப்பின் பாதைகள். நீரைக் கூட்டாமல் கலவையை இளக்கும் இரசாயனத் திரவங்கள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் செலவு மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கே.

எமது ஒப்பந்தங்கள் பெரிதும் நம்பியிருக்கும் பரிசோதனையோ 28ஆம் நாள் கனக்கட்டிப் பரிசோதனையாகும். கலவையில் சிறிதளவு எடுத்து, தனியே கட்டியாக வார்த்து, நீர்த்தொட்டியில் வைத்து, 28 நாட்களின் பின் நசுக்கிப் பார்க்கின்றனர். அது வலிமையை அளக்கின்றது. தூணில் கம்பி எங்கே இருக்கின்றது, தூணின் தோலை எத்தனை நாள் நனைத்து வைத்தனர், உப்பு எவ்வளவு விரைவாக உட்செல்லும் என்பவற்றைப் பற்றி அது எதுவுமே கூறுவதில்லை. வலிமையான கொங்கிறீட் நீடித்து நிற்கும் என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக ஊறியிருப்பதால், கனக்கட்டி தேறியதும் எல்லோரும் நிம்மதி அடைகின்றனர்.

பிறநாட்டு அனுபவங்களில் மெக்சிக்கோவின் யுகட்டான் கரையிலுள்ள புரோகிரேசோ இறங்குதுறை எமக்கு மிகப் பொருத்தமானது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்றே சுண்ணாம்புக்கல்லாலான அந்நிலத்தில் கிடைத்த கல் துளைகள் நிறைந்தது; நல்ல கருங்கல் சல்லி அருகில் இல்லை. வெப்பமும் ஈரமும் உப்பும் ஒருங்கே கூடிய கடல். 1937 முதல் 1941 வரை, இரண்டு கிலோமீற்றருக்கும் அதிகமாகக் கடலுக்குள் நீளும் இறங்குதுறையை அங்கு அமைத்த டென்மார்க் நிறுவனம், இக்கல்லால் கம்பியைக் காக்க முடியாது என்று கணித்து, சாதாரண கம்பிக்குப் பதிலாகக் கறள் ஏறாத உருக்குக் கம்பியை இட்டது. 1990களின் இறுதியில் டென்மார்க் பொறியியலாளர்கள் அதைப் பரிசோதித்தபோது, கம்பியின் ஆழத்தில் குளோரைட்டு மிக அதிகமாக இருந்தும் கம்பிகள் பெரும் பழுதின்றி இருந்தன. அதன் அருகிலேயே சில தசாப்தங்கள் கழித்துச் சாதாரண கம்பியுடன் கட்டப்பட்ட மற்றோர் இறங்குதுறை அழிந்து, எச்சங்கள் மாத்திரம் நீரில் நிற்கின்றன. இரண்டும் ஒரே கடலில், ஒரே வெயிலில் நின்றவை.

கறள் ஏறாத உருக்கு சாதாரண கம்பியிலும் பல மடங்கு விலையானது என்பதால் எல்லா இடத்திலும் அதை இடுவது சாத்தியமன்று. அலை தெறிக்கும் பகுதிக்கு மாத்திரம் அதை ஒதுக்குவது சிக்கனமான வழியாகும். மன்னாருக்கு எதிர்க்கரையில், 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரல் 6ஆம் திகதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இத்தகைய கம்பியே இடப்பட்டதாக இந்திய அரசு அறிவித்தது. பாக்குநீரிணையின் உப்புக்காற்று இருகரைக்கும் பொதுவானது. மலிவான மாற்றாகக் கம்பிக்கு எபொக்சிப் பூச்சுப் பூசும் முறையும் உண்டு. ஆயினும் அமெரிக்காவின் புளோரிடாத் தீவுக்கூட்டத்தில் அம்முறையை நம்பிக் கட்டிய பாலங்களில், 1980களின் நடுப்பகுதியிலேயே, ஒரு தசாப்தமும் நிறைவதற்குள், கறள் தோன்றியது. பூச்சில் ஏற்படும் சிறு கீறல்களின் வழியே உப்பு நுழைந்துவிடுகின்றது.

கம்பியை மாற்றுவதிலும் பார்க்க எளிய வழி, கொங்கிறீட்டின் துளைகளை அடைப்பதாகும். இவ்வழியின் வேர் மிகப் பழமையானது. உரோமர் நேப்பிள்ஸ் விரிகுடாவை அண்டிய எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து கடலுக்குள்ளேயே கொங்கிறீட்டை இட்டனர். அது அலைகளின் நடுவே கல்லாக இறுகிவிடுவதை முதலாம் நூற்றாண்டில் பிளினி பதிவு செய்தார். பலஸ்தீனக் கரையில் ஏரோது மன்னன் கட்டிய செசரியாத் துறைமுகத்துக்கு அச்சாம்பல் மத்தியதரைக் கடலைக் கடந்து கப்பலில் கொண்டுசெல்லப்பட்டது என்றால் அதன் மதிப்பை உணரலாம். உரோமத் துறைமுகக் கொங்கிறீட்டை ஆராய்ந்த மாரி ஜாக்சனும் அவரது சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, உட்புகும் கடல்நீரே சாம்பலைக் கரைத்து, வெற்றிடங்களில் புதிய கனிமப் பளிங்குகளை வளரச் செய்துள்ளது. நவீன கொங்கிறீட்டுக்கு இதை அப்படியே பொருத்திப் பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: உரோமரின் கொங்கிறீட்டில் கம்பி இல்லை. கடல்நீர் உட்புகுவது அதற்கு நன்மை. எமக்கு அதுவே நஞ்சு.

எனினும் சாம்பலின் இரசாயனம் இன்றும் பயன்படுகின்றது. நிலக்கரி எரியும்போது புகையுடன் மேலெழும் நுண்சாம்பலும், இரும்பு உருக்கும் ஊதுலையின் கசடும் சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கப்படும்போது, சீமெந்திலிருந்து பிரியும் கல்சியம் ஐதரொட்சைட்டுடன் அவை சேர்ந்து மேலும் பசையை உண்டாக்கி நுண்துளைகளை நெருக்கிவிடுகின்றன. உப்பின் பரவல் பல மடங்கு குறைகின்றது. கடலோடு போராடியே வாழும் நெதர்லாந்து நாட்டவர் ஊதுலைக் கசடு கலந்த சீமெந்தை நெடுங்காலமாகக் கையாள்பவர்கள். 1986இல் திறக்கப்பட்ட ஊஸ்டர்ஸ்கெல்ட் புயலலைத் தடுப்பு, 200 ஆண்டு ஆயுளை இலக்காகக் கொண்டு அத்தகைய சீமெந்தினாலேயே அமைக்கப்பட்டது.

இவ்விடத்தில் சூழல் பற்றிய அக்கறையும் சிக்கனமும் ஒன்றுசேர்கின்றன. சுண்ணாம்புக்கல்லை 1450 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிக் கிளிங்கரைச் செய்யும்போது, ஒரு தொன்னுக்கு முக்கால் தொன்னுக்கும் அதிகமான காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்தன்றிக் கல்லிலிருந்தே வருவது. ஆதலால் எரிபொருளை மாற்றினாலும் அது நீங்காது. உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 வீதம் சீமெந்துக்குரியது. சாம்பலோ கசடோ சேரும் அளவுக்கு இச்சுமை குறைகின்றது. அதனிலும் பெரிய இலாபம், நூறு ஆண்டுகள் நிற்கும் பாலத்தை இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை என்பதாகும். 2022இன் நெருக்கடியில் சீமெந்துப் பைக்காக அலைந்த நாடு இதை எளிதில் மறந்துவிட முடியாது.

எமது நாட்டில் இச்சாம்பல் எங்கு உண்டு என்பதைப் புத்தளம் மாவட்ட மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் முதற்பிரிவு இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற் திறனை எட்டிய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைச் சூழவுள்ள கற்பிட்டிக் குடாநாட்டு மக்கள், நிலக்கரித் தூசும் சாம்பலும் வீடுகளிலும் தோட்டங்களிலும் படிவதாக நீண்டகாலமாக முறையிட்டு வந்துள்ளனர். அச்சாம்பலின் ஒரு பகுதியைச் சீமெந்து நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்தியும் வந்துள்ளன. அரசின் கடலோரக் கட்டுமான ஒப்பந்தங்கள் சாம்பல் கலந்த சீமெந்தைக் கட்டாயமாகக் கோருமாயின், குவியலாகக் கிடப்பதற்கு ஒரு நிலையான கேள்வி உண்டாகும். எரியாத கரி மிகுந்த சாம்பல் உதவாது என்பதால் தரப் பரிசோதனை இன்றியமையாதது.

இதில் ஒரு தடங்கல் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. சாம்பல் கலந்த கொங்கிறீட் மெதுவாகவே வலுப்பெறும். 28ஆம் நாளில் அது பின்தங்கி நிற்கக்கூடும். 56ஆம் நாளில் அல்லது அதற்குப் பின்னரே அதன் உண்மை இயல்பு தெரியவரும். அதை அதிக நாட்கள் ஈரச்சாக்கு இட்டு நனைத்து வைத்தல் வேண்டும். பலகையை விரைவாகக் கழற்றி அடுத்த தூணுக்குக் கொண்டுசெல்ல விரும்பும் ஒப்பந்தகாரருக்கு இது உவப்பானதன்று. நனைக்காமல் விட்டால் சாம்பல் கலந்த கொங்கிறீட்டின் மேற்பரப்பு சாதாரண கொங்கிறீட்டிலும் மோசமாகிவிடும். எமது வறண்ட வலயத்தின் காற்றில் இது சிறு ஆபத்தன்று.

நிலக்கரி நிலையங்கள் ஒருநாள் மூடப்படும்போது சாம்பலும் இல்லாதொழியும். அதற்கு மாற்றாக, சூளையில் ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் சுட்ட களிமண்ணையும் அரைத்த சுண்ணாம்புக்கல்லையும் கிளிங்கரின் பாதியளவுக்குப் பதிலாகச் சேர்க்கும் சீமெந்து ஒன்று சுவிற்சர்லாந்து, கியூபா, இந்திய ஆய்வாளர்களின் கூட்டு முயற்சியால் உருவாகியுள்ளது. குளோரைட்டைத் தடுப்பதில் அது மிகத் திறமையானது. மீட்டியாகொடையிலும் பொரலஸ்கமுவையிலும் வெண்களி கிடைக்கும் எமது நாட்டுக்கு இது கவனிக்கத்தக்க செய்தியாகும்.

பெரும் பாலங்களை விட்டு வீடுகளுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரத்தில் எழுந்த வீடுகள் பலவும் கடற்காற்றின் எல்லைக்குள்ளேயே உள்ளன. இங்கு உப்பு வெளியிலிருந்து வருமுன் கலவையிலேயே கலந்துவிடுவதுண்டு. கழுவப்படாத கடல்மணலும் உவர்க்கிணற்று நீரும் அதற்குக் காரணம். ஆற்றுமணல் அகழ்வைக் குறைக்கவென முத்துராஜவெலயில் வழங்கப்பட்டு வரும் கடல்மணல் உப்பு நீங்கியபின் விற்கப்படுவது. கரையில் வாரியெடுத்த மணல் அத்தகையதன்று. 1970களில் வளைகுடா நாடுகளில் பெருவேகத்தில் எழுந்த கட்டடங்கள் பல, உப்புக் கலந்த மணலாலும் நீராலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சிதைந்தன. அங்கு உழைத்த பணத்தில் இங்கு வீடு கட்டுவோர், அங்கு நடந்த அதே பிழையைத் தமது வளையிலும் தூணிலும் செய்துவிடக் கூடாது. மணலை நன்னீரால் கழுவுவதும், கலக்கும் நீரை வாயில் ஊற்றிப் பார்த்து உவர்ப்பிருந்தால் தவிர்ப்பதும் எவருக்கும் இயலக்கூடியவை.

கொங்கிறீட் நன்றாக இருந்தால் துறைமுகம் வாழ்ந்துவிடும் என்றும் எண்ணிவிடலாகாது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தில் பழுதானது கொங்கிறீட்டன்று. கரைவழியே நகரும் மணல் வாயிலை அடைத்தது, வடபுறக் கரையைக் கடல் அரித்தது. அது வேறொரு கட்டுரைக்குரிய விடயம்.

கடலோரக் கட்டுமானங்களுக்கான கேள்விப்பத்திரங்களில் கொங்கிறீட்டின் தரம் என்று வலிமை எண் ஒன்றே பெரும்பாலும் முன்னிற்கின்றது. ஆகக் குறைந்த தொகையைக் கோரியவர் வேலையைப் பெறுகின்றார். எத்தனை ஆண்டு ஆயுள் என்பது கேள்விப்பத்திரத்திலேயே எழுதப்படுமாயின், அதற்கேற்ற நீர் விகிதமும், சாம்பலின் பங்கும், நனைத்து வைக்கும் நாட்களும், குளோரைட்டு ஊடுருவல் பரிசோதனையும் தாமாகவே நிபந்தனைகளாகிவிடும். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றது என்பதை கொங்கிறீட்டை உடைக்காமலே காந்தப் புலத்தின் மூலம் அளக்கும் கருவி உலகெங்கும் வழக்கிலுள்ளது. கையில் ஏந்தக்கூடிய அக்கருவியால் ஒவ்வொரு தூணின் நான்கு பக்கமும் அளக்கப்பட்டு, அந்த அளவுகள் இறுதிக் கொடுப்பனவுக்கான பட்டியலுடன் இணைக்கப்படல் வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்கு வெளிநாட்டுக் கடன் எதுவும் தேவையில்லை.